விருந்துக்கு வராத வெற்றியாளர்கள்

போர்ட் கிள்ளானில் எங்கள் வீட்டு மேசைமேல் எப்போதும் இரண்டு மூன்று அழைப்பிதழ்கள் கிடக்கும். கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா என்று ஏதாவது ஒன்று. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டும் அப்பா, இரவு வேலை முடித்து வந்த களைப்போடும் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். "கூப்பிட்டவங்க வீட்டுக்குப் போகலன்னா நாம அவங்கள மதிக்கலன்னு ஆயிடும்மா" என்பார். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள் நான். ஒரு நாட்டின் தலைவரே அழைத்தும் "நான் வரவில்லை" என்று சொல்லிவிடும் விளையாட்டாளர்களைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்கு வியப்பைவிடக் கூச்சமே அதிகமாக இருந்தது. இது துணிச்சலா, திமிரா? அந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த வழக்கத்தின் பிறப்பிடம் அமெரிக்கா எனலாம். 1865-ஆம் ஆண்டிலேயே அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் இரண்டு பேஸ்பால் குழுக்களை வெள்ளை மாளிகையில் வரவேற்றிருக்கிறார். 1963-இல் ஜான் கென்னடி பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்துக் குழுவை வரவழைத்தார். ஆனால், அப்போதெல்லாம் இது எப்போதாவது நடக்கும் ஒன்று. 1980-களில் ரொனால்டு ரேகன் காலத்தில்தான் கோப்பை வென்ற குழு அதிபரைச் சந்திப்பது எழுதப்படாத சட்டம்போல் ஆனது. ரேகன் முன்னாள் நடிகர். படக்கருவி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். 1987-இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் வீரர் ஒருவர் அவர் தலையில் ஒரு வாளி பாப்கார்னையே கொட்டினார். அதிபரும் சிரித்தார், நாடும் சிரித்தது. வெற்றியாளர்களின் ஒளியில் தலைவருக்கும் கொஞ்சம் பங்கு கிடைக்கும். இதில் யாருக்கும் நட்டமில்லை என்றுதான் தோன்றும்.

ஆனால், யாரை அழைப்பது, யாரை விடுவது என்பது அழைப்பவர் கையில் அல்லவா இருக்கிறது? 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்று திரும்பிய ஜெசி ஓவன்சுக்கு அன்றைய அதிபர் ரூஸ்வெல்ட்டிடமிருந்து வெள்ளை மாளிகை அழைப்பு வரவேயில்லை. ஹிட்லர் அவருக்குக் கை கொடுத்தாரா இல்லையா என்று நம் பள்ளிப் பேச்சுப்போட்டிகளில் நிறையப் பேசிவிட்டோம். சொந்த நாட்டு அதிபர் கை கொடுக்காததைப் பற்றி நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. அந்த 1936 ஒலிம்பிக்கில் பங்கேற்ற கறுப்பின விளையாட்டாளர்களின் குடும்பத்தாரை ஒபாமா வெள்ளை மாளிகைக்கு அழைத்தது 2016-இல். எண்பது ஆண்டுகள்! அழைப்பு ஒரு மரியாதை என்றால், அழைக்காமல் விடுவதும் ஒரு செய்திதான். அதற்குப் பதிலாக 'வரமாட்டேன்' என்று சொல்லும் உரிமை மட்டும் ஏன் தவறாகிவிடுகிறது?

போகாமல் இருப்பதில் பல வகை உண்டு. 1984-இல் லாரி பேர்ட், 1991-இல் மைக்கல் ஜோர்டான் ஆகியோர் தத்தம் குழுவோடு வெள்ளை மாளிகைக்குச் செல்லவில்லை. அவர்கள் புகழின் உச்சியில் இருந்தவர்கள். அவர்களை யாரும் ஒன்றும் செய்துவிட முடியவில்லை. அதே 1991-இல் ஜோர்டானின் சிகாகோ புல்ஸ் குழுவிலேயே கிரேக் ஹோஜஸ் என்றொருவர் இருந்தார். மூன்று புள்ளி எறிதல் போட்டியில் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்றவர். அவர் போனார். ஆனால், வெள்ளை நிற ஆப்பிரிக்க அங்கி அணிந்து போனார். அதிபர் ஜார்ஜ் புஷ்ஷுக்கு ஒரு கடிதமும் கொண்டு போனார். ஏழைகளும் கறுப்பின மக்களும் படும் பாட்டைக் கவனியுங்கள் என்ற வேண்டுகோள் அது. 1992-க்குப் பிறகு எந்த என்.பி.ஏ. குழுவும் அவரை ஒப்பந்தம் செய்யவில்லை. தன்னைத் திட்டமிட்டு ஒதுக்கிவிட்டார்கள் என்று 1996-இல் அவர் தொடுத்த வழக்கும் தள்ளுபடியானது. போகாத ஜோர்டானுக்கு ஒன்றும் ஆகவில்லை. முறையாகப் போய் மரியாதையாகக் கடிதம் நீட்டியவரின் ஆட்டம் முடிந்தது. எனக்கு இந்தக் கதையைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை. அழைப்பை ஏற்பவர் வாயைத் திறக்கக்கூடாது என்பதும் அந்த அழைப்பிதழில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் அச்சாகியிருக்கிறது போலும்.

மறுப்பவர்கள் எல்லாரும் ஒரே கட்சிக்காரர்கள் என்றும் எண்ணிவிட வேண்டாம். 2012 ஜனவரியில் பாஸ்டன் புரூயின்ஸ் பனி ஹாக்கிக் குழு ஒபாமாவைச் சந்தித்தபோது அதன் கோல்காவலர் டிம் தோமஸ் வரவில்லை. அரசாங்கம் அளவுக்கு மீறி வளர்ந்து தனிமனித உரிமையில் கைவைக்கிறது என்பது அவர் வாதம். எனக்கு அவர் கருத்தில் உடன்பாடில்லை. ஆனாலும் ஸ்டீபன் கரிக்கு இருக்கும் உரிமை அவருக்கும் இருக்கத்தானே வேண்டும்?

கரியின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2017 செப்டம்பரில், வெள்ளை மாளிகைக்குப் போக விருப்பமில்லை என்று கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் வீரரான அவர் கூறினார். மறுநாளே அதிபர் டிரம்ப் அழைப்பைத் திரும்பப் பெறுவதாக டுவிட்டரில் அறிவித்தார். வராதவனைப் பார்த்து "நீ வராதே" என்பது நம் ஊர்க் கல்யாணச் சண்டைகளில் நடப்பதுதான்; வல்லரசிலும் நடக்கிறது. 2018 பிப்ரவரியில் வாஷிங்டனுக்கு ஆட வந்த அந்தக் குழுவினர், வெள்ளை மாளிகைக்குப் போவதற்குப் பதிலாக உள்ளூர் மாணவர்களை அழைத்துக்கொண்டு ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனார்கள். அதே ஆண்டு ஜூனில் பிலடெல்பியா ஈகள்ஸ் குழுவின் வரவேற்பு, வர ஒப்புக்கொண்டவர்கள் மிகச் சிலரே என்றானதும் முதல் நாள் இரவில் ரத்து செய்யப்பட்டது.

போனாலும் ஆபத்து உண்டு என்பதற்கு ஜெர்மனி ஓர் எடுத்துக்காட்டு. 2018 மே மாதம் துருக்கி அதிபர் எர்டோகன் லண்டன் வந்தபோது, துருக்கிய வம்சாவளியைச் சேர்ந்த ஜெர்மன் காற்பந்து வீரர்கள் ஓசிலும் குண்டோகனும் அவரோடு படமெடுத்துக்கொண்டார்கள். அதே அழைப்பு வந்த எம்ரே ஜான் போகவில்லை. அந்த ஆண்டு உலகக் கிண்ணத்தில் ஜெர்மனி முதல் சுற்றிலேயே வெளியேறியதும் பழி அந்தப் புகைப்படத்தின்மேல் விழுந்தது. தாத்தா பாட்டி நாட்டுத் தலைவருக்கு மரியாதை காட்டியதாக ஓசில் சொன்னார். யாரும் கேட்கவில்லை. இனவாதத்தைக் குற்றம் சாட்டி ஜூலையில் தேசியக் குழுவிலிருந்து விலகினார். மலேசியாவில் மூன்றாம் நான்காம் தலைமுறையாக வாழும் நமக்கு, ஒரு புகைப்படத்தை வைத்து விசுவாசத்தை அளக்கும் அந்தத் தராசு புதிதாகத் தெரியாது.

இனி இந்தியாவுக்கு வருவோம். மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட்டும், ஒலிம்பிக் வெண்கலம் வென்ற சாக்‌ஷி மாலிக்கும் பஜ்ரங் புனியாவும் 2023 ஜனவரியில் டெல்லி ஜந்தர் மந்தரில் அமர்ந்து போராடத் தொடங்கினார்கள். மல்யுத்தச் சம்மேளனத் தலைவரும் ஆளுங்கட்சி நாடாளுமன்ற உறுப்பினருமான பிரிஜ் பூஷண் சரண் சிங் பெண் வீரர்களிடம் பாலியல் ரீதியில் தவறாக நடந்துகொண்டார் என்பது குற்றச்சாட்டு. அவர் அதை மறுத்து வருகிறார். மே 28-ஆம் நாள் புதிய நாடாளுமன்றக் கட்டடத் திறப்பு விழா. அதை நோக்கி நடந்த வீரர்களைக் காவல்துறை பிடித்துச் சென்றது. இரண்டு நாள் கழித்துப் பதக்கங்களைக் கங்கையில் விட ஹரித்துவார் போனவர்களை விவசாயத் தலைவர்கள் தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். டிசம்பரில் பிரிஜ் பூஷணுக்கு நெருக்கமானவரே சம்மேளனத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சாக்‌ஷி தன் காலணிகளை மேசைமேல் வைத்துவிட்டு விளையாட்டிலிருந்தே விலகினார். பஜ்ரங் தன் பத்மஸ்ரீ விருதைப் பிரதமரிடம் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டு, வழியில் தடுக்கப்பட்டதால் நடைபாதையிலேயே வைத்துவிட்டு வந்தார். சில நாளில் வினேஷும் கேல் ரத்னா, அர்ஜுனா விருதுகளை அதேபோல் சாலையோரம் விட்டுவந்தார்.

இவர்கள் மூவரும் அப்போது ரயில்வே ஊழியர்களாக இருந்தார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. கரிக்குச் சம்பளம் தருவது தனியார் நிறுவனம். அதிபர் கோபித்தாலும் மாதச் சம்பளம் வரும். வினேஷுக்கோ அன்று சம்பளம், பயிற்சி, வெளிநாட்டுப் பயணம் யாவும் அரசின் வழியே வரவேண்டியிருந்தது. மறுப்பின் விலை ஆளுக்கு ஆள், நாட்டுக்கு நாடு மாறுகிறது.

2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக் இறுதியாட்டத்துக்குத் தகுதிபெற்ற வினேஷ், 50 கிலோ பிரிவில் 100 கிராம் எடை கூடியதால் தகுதி நீக்கம் செய்யப்பட்டது உலகறிந்த செய்தி. அன்று பிரதமரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்ததாகவும், தான் பேச மறுத்ததாகவும் அவர் பின்னர் ஒரு பேட்டியில் சொன்னார். உடன் தன் குழுவினர் யாரும் இருக்கக்கூடாது, உரையாடல் படம்பிடிக்கப்பட்டு சமூக ஊடகத்தில் போடப்படும் என்று நிபந்தனை விதித்தார்களாம். அந்தப் பேட்டியின்போது அவர் ஹரியானா சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளர் என்பதையும் நாம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஜூலானா தொகுதியில் வென்றும்விட்டார். எனினும், அவர் சொன்னதை வாசித்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. ஆறுதல் சொல்ல வருபவர் படக்கருவியோடு வந்தால், அழுகிறவளுக்கு அங்கே ஒரு நடிகை வேடம்தான் மிஞ்சுகிறது. துக்க வீட்டில் அப்படி யாராவது செய்தால் நம் பாட்டிமார் வாசலிலேயே நிறுத்திவிட மாட்டார்களா?

நம் நாட்டில் எப்படி? வெளிப்படையாக அழைப்பை மறுத்த மலேசிய விளையாட்டாளர் எவரையும் எனக்கு எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் மறுப்பைத் தலையில் சுமந்தவர்களைத் தெரியும். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கத்தில் தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்றது நம் காற்பந்துக் குழு. கோல்காவலர் ஆர்.ஆறுமுகம், சந்தோக் சிங், சோ சின் அவுன், வெற்றி கோலை அடித்த ஜேம்ஸ் வோங் ஆகியோர் விளையாடிய குழு அது. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்து அரசாங்கம் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. நம் இடத்தில் ஈராக் ஆடியது. 'ஸ்பைடர்மேன்' என்று மக்கள் கொண்டாடிய ஆறுமுகம் 1988-இல் கார் விபத்தில் காலமானார். நம் காற்பந்துக் குழு அதற்குப் பிறகு ஒலிம்பிக் பக்கமே போகவில்லை. 2016-இல் 'ஓலா போலா' திரைப்படம் அந்தக் குழுவை நினைவூட்டி வந்தபோது நான் படிவம் ஒன்றில் இருந்தேன். திரையரங்கில் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். தலைவர்கள் விளையாட்டாளருக்காக மறுக்கலாம்; அது கொள்கை. விளையாட்டாளர் தனக்காக மறுத்தால் அது நன்றிகெட்ட செயல் என்று ஆகிவிடுகிறது.

நம் விளையாட்டாளர்கள் மறுக்காததற்குக் காரணம் பயம் மட்டும் என்று நான் சொல்லமாட்டேன். மாமன்னரும் சுல்தான்களும் கட்சி அரசியலுக்கு அப்பாற்பட்டவர்கள். டத்தோ பட்டம் அவர்களிடமிருந்து வருகிறது. அமெரிக்காவில் நாட்டுத் தலைவரும் கட்சித் தலைவரும் ஒருவரே. அதனால்தான் அங்கே குழப்பம் அதிகம். ஆனால் பயிற்சிக்கும் படித்தொகைக்கும் தேசிய விளையாட்டு மன்றத்தை நம்பியிருக்கும் ஒருவர், ஒலிம்பிக் தங்கத்துக்குப் பத்து லட்சம் ரிங்கிட் என்று அரசு அறிவித்திருக்கும் நாட்டில், அமைச்சரின் தேநீர் விருந்துக்கு வரமாட்டேன் என்று எந்த வாயால் சொல்வார்?

இதை எழுதத் தூண்டிய சொந்தக் கதை ஒன்று உண்டு. 2018-இல் நான் படிவம் மூன்று. 4x100 மீட்டர் ஓட்டத்தில் எங்கள் நால்வர் குழு மாவட்ட அளவில் இரண்டாம் இடம் பெற்றது. நால்வருக்கும் சேர்த்து இரண்டு ஜோடி ஸ்பைக் காலணிதான். போட்டிக்குப் பேருந்துக்கு ஏற்பாடு கேட்டு அலைந்து, கடைசியில் பெற்றோர் கார்களில் போனோம். வென்றபின் ஒரு பிரமுகர் எங்களைப் பாராட்டப்போவதாகச் சொல்லி ஒரு மண்டபத்துக்கு அழைத்தார்கள். காலை எட்டு மணிக்கே போய் வரிசையில் நின்றோம். அவர் வந்தபோது மணி பதினொன்று. கதவளவு பெரிய மாதிரிக் காசோலையைப் பிடித்துச் சிரித்தோம். படம் எடுத்ததும் அதை வாங்கிக்கொண்டார்கள். உண்மையான காசோலையை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

கடைசிக் கட்டம் ஓடிய என் தோழி அன்று வரவில்லை. "பஸ் கேட்டப்ப வராதவங்க படம் எடுக்க மட்டும் ஏன் வராங்க?" என்று முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டாள். மண்டபத்தில் ஆசிரியர் கேட்டபோது, காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். அவரும் நிம்மதியோடு தலையாட்டினார். பள்ளி ஆண்டு மலரில் வந்த படத்தில் நாங்கள் மூவர். நான்காவது இடத்தில், எண்ணிக்கை குறையாமலிருக்க, ஓடாத ஒரு மாணவி நிற்கிறாள்.

இக்கட்டுரையில் அவளைப் பற்றி எழுதலாமா என்று கேட்கச் சென்ற மாதம் அழைத்தேன். இப்போது மேற்குத் துறைமுகப் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "எழுது. காய்ச்சல்னு மட்டும் எழுதிடாதடி."