ஹெட் போல்ட்: பழசையே போடலாமா, புதுசு வாங்கணுமா?

உச்சி வெயில். சிக்னல்ல நிக்கும்போது காரோட டெம்பரேச்சர் முள் சரசரன்னு மேல ஏறுது. பானெட்டைத் திறந்தா ஒரே ஆவி. வண்டியைக் கட்டி இழுத்துக்கிட்டுப் போய் ஒர்க்‌ஷாப்ல விட்டா, "ஹெட் கேஸ்கட் போயிடுச்சு தம்பி" என்கிறார் மெக்கானிக். ரெண்டு நாள் கழித்து போன் வருகிறது. "ஹெட்டை ஃபேசிங் பண்ணியாச்சு. கேஸ்கட்டும் புதுசு வாங்கிட்டேன். போல்ட் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பழசையே போட்டுடவா?"

பில் எவ்வளவு வருமோன்னு ஏற்கெனவே வயிறு கலங்கிக்கிட்டு இருக்கும். "சரிண்ணே, போட்டுடுங்க" என்றுதான் வாயில் வரும். சொல்றதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

அந்த போல்ட் என்ன வேலை பார்க்குது?

இன்ஜினின் கீழ்ப்பகுதி பிளாக். மேல்மூடி ஹெட். ரெண்டுக்கும் நடுவில் மெல்லிசா ஒரு கேஸ்கட். இந்த மூணையும் சேர்த்து இறுக்கிப் பிடிப்பதுதான் ஹெட் போல்ட்டின் வேலை. பெட்ரோல், டீசல் எரியும் ஒவ்வொரு முறையும், உள்ளே உண்டாகும் அழுத்தம் ஹெட்டை மேலே தூக்கப் பார்க்கும். போதாததற்கு, பல கார்களில் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும். இத்தனை இழுபறியிலும் போல்ட்டின் பிடி தளரக் கூடாது.

தளர்ந்தால்? கூலன்ட் போகும் வழியும் ஆயில் போகும் வழியும் கலந்துவிடும். ஆயில் பால் காபி நிறத்துக்கு மாறும், சைலன்ஸரில் வெள்ளைப் புகை வரும், மறுபடியும் ஓவர்ஹீட் ஆகும்.

ரெண்டு வகை இருக்கு

போல்ட் என்பது பார்க்கத்தான் கட்டையான இரும்பு. இறுக்கும்போது அது ஸ்பிரிங் மாதிரி கொஞ்சம் நீளும். நீண்டது சுருங்கப் பார்க்கும். அந்த இழுவைதான் ஹெட்டைப் பிடித்து வைக்கிறது.

பழைய டிசைன் இன்ஜின்கள் பலவற்றில், போல்ட் திரும்பிச் சுருங்கக்கூடிய அளவுக்குள்தான் இறுக்குவார்கள். கழற்றினால் பழைய நீளத்துக்கே வந்துவிடும். மரை தேயாமல், துரு பிடிக்காமல், வளையாமல் இருந்தால் இதைத் திரும்பவும் போடலாம்.

புது டிசைன் இன்ஜின்கள் பலவற்றில் இருப்பது 'டார்க் டு யீல்டு' வகை. இதை வேண்டுமென்றே அந்த எல்லையைத் தாண்டி இழுப்பார்கள். எல்லா போல்ட்டிலும் ஒரே சீரான பிடி கிடைக்கும் என்பதுதான் காரணம். ஆனா கழற்றினால் பழைய நீளத்துக்கு முழுசா வராது. ரொம்ப நாள் போட்ட டிராக் பேன்ட் எலாஸ்டிக்கை யோசிச்சுப் பாருங்க. பார்க்க நல்லாத்தான் இருக்கும், இடுப்பில் நிக்காது! அப்படிப்பட்ட போல்ட்டை மறுபடியும் இழுத்தா பிடி குறையலாம். இறுக்கும்போதே முறியவும் செய்யலாம். முறிந்த துண்டு பிளாக்குக்குள் மாட்டிக்கிட்டா, அதை எடுப்பது தனி செலவு.

எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சர்வீஸ் மேனுவல்தான் பதில். இறுக்கும் முறையைப் பார்த்தாலும் ஓரளவு தெரியும். 'இவ்வளவு நியூட்டன் மீட்டர்' என்பதோடு முடிந்தால் அநேகமா பழைய வகை. 'இவ்வளவு நியூட்டன் மீட்டர், அப்புறம் 90 டிகிரி, இன்னொரு 90 டிகிரி' என்று கோணக் கணக்கு வந்தால் உஷாராயிடுங்க. அது பெரும்பாலும் நீளும் வகைதான்.

"ஒருமுறைதான்" என்று மேனுவல் சொன்னால் அதில் பேரமே இல்லை. சில மேனுவல்கள், ஹோண்டாவின் சில இன்ஜின்களைப் போல, போல்ட்டின் விட்டத்தை அளக்கச் சொல்லும். வேறு சில நீளத்தை அளக்கச் சொல்லும். அளவுக்குள் இருந்தால் போடலாம், தாண்டியிருந்தால் மாத்தணும். அளக்காமல் "நல்லாத்தான் இருக்கு" என்பது கணக்கில் சேராது.

மேனுவலே கிடைக்கலையா? புதுசு வாங்கிடுங்க. ஹெட்டை இறக்கணும்னா கூலன்ட், மேனிஃபோல்டு, டைமிங் செயின் அல்லது பெல்ட்டு என்று எத்தனையோ கழற்றணும். ஒரு செட் போல்ட்டில் மிச்சம் பிடிக்கப் போய், அத்தனை வேலைக்கும் ரெண்டாவது தடவை கூலி கொடுக்கிறது நியாயமா?

புது போல்ட் மட்டும் போதாது

* ஹார்டுவேர் கடை போல்ட் வேண்டாம். தடிமன் ஒண்ணா இருந்தாலும் வலு வேற. உங்க இன்ஜினுக்கான பார்ட் நம்பரைச் சொல்லி வாங்குங்க.
* பிளாக்கில் போல்ட் இறங்கும் ஓட்டைகள் சுத்தமா, காய்ஞ்சு இருக்கணும். அடியில் ஆயிலோ தண்ணியோ தேங்கி நின்றால், போல்ட் இறங்கும்போது அதுக்குப் போக வழியில்லாம பிளாக்கே விரிசல் விடலாம்.
* மரையில் ஆயில் தடவணுமா வேண்டாமா என்பதும் மேனுவல் சொல்றபடிதான். இறுக்கும் விசையில் பெரும்பகுதி உராய்விலேயே போயிடும். அதனால ஆயில் இருந்தா ஒரு பிடி, இல்லாட்டி வேற பிடி.
* டார்க் ரெஞ்ச் இல்லாமல் 'கைக்கணக்கு' கூடாது. பொதுவா நடுவில் தொடங்கி ஓரத்துக்கு, பல கட்டமா இறுக்கணும். கழற்றும்போது ஓரத்திலிருந்து நடுவுக்கு. வரிசை தப்பினால் ஹெட் வளையலாம்.

பைக் வெச்சிருக்கீங்களா? 100 சிசி பைக்குகள் பலவற்றில் நீளமான ஸ்டடும் நட்டும்தான் இந்த வேலையைப் பார்க்குது. அங்கேயும் மரையையும் டார்க் அளவையும் கவனிச்சே ஆகணும்.

அடுத்த தடவை அந்த போன் வந்தா, ரெண்டே கேள்வி கேளுங்க. "அண்ணே, இது ஒருமுறை போல்ட்டா? மேனுவல்ல என்ன போட்டிருக்கு?" பதில் தெளிவா வந்தால் நிம்மதியா சரி சொல்லுங்க. இழுத்தால், "புதுசே போட்டுடுங்க, பில்லோட பழசையும் கொடுத்துடுங்க" என்று சொல்லிடுங்க.