ஏலக்காய்க்கு மட்டுமா ஏலம்? விளம்பரத்துக்கும்தான்!

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க்கு ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் 2007-ல் வந்தது. அதற்கு முன் வாய்விட்டு விலை கேட்ட வியாபாரிகள், இப்போது மாதிரிக் காயைப் பார்த்துவிட்டுக் கணினியில் விலை கேட்கிறார்கள். காய் ஒன்றுதான். ஆனால் வரத்தும் தேவையும் மாறினால் விலை மாறிவிடும். வரத்து குறைந்திருந்த 2019 ஆகஸ்டில், மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியில் நடந்த ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களும் ஏலத்தில்தான் விற்பனையாகின்றன என்பது பலருக்குத் தெரியாது. போடியில் வீட்டிலிருந்தே ஏலக்காய் பாக்கெட் விற்கும் சிலருக்கு விளம்பரக் கணக்கைப் பார்த்துக் கொடுப்பது என் வழக்கம். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "அதே விளம்பரம், தினம் அதே 200 ரூபாய். முதல் வாரம் போன் ஓயலை. நாலாவது வாரம் ஒரு போன்கூட வரலையே, ஏண்ணே?"

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, நேரம். மற்றொன்று, சலிப்பு. எது என்று தெரியாமல் வைத்தியம் பார்த்தால் பணம்தான் வீணாகும்.

ஏலம் எப்படி நடக்கிறது?

ஒருவர் ஃபேஸ்புக்கைத் திறக்கும்போது, அவர் கண்ணில் படும் விளம்பர இடத்துக்குப் பலர் போட்டியிடுகிறார்கள். அதிகப் பணம் கேட்டவரே ஜெயிப்பார் என்பதில்லை. கேட்கும் தொகை, அந்த நபர் விளம்பரத்தை க்ளிக் செய்வாரா என்ற கணிப்பு, விளம்பரத்தின் தரம் ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் மெட்டா முடிவு செய்கிறது.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பெரிய ஆன்லைன் கடைகள் எல்லாம் களத்தில் இறங்கும். போட்டி கூடி, இடத்தின் விலை ஏறும். இது நேரத்தின் விளைவு. பார்த்தவர்களே திரும்பத் திரும்பப் பார்த்து, க்ளிக் செய்யாமல் நகர்ந்து போனால் அது சலிப்பு.

ஒரு கணக்கு

விளம்பரம் 1,000 முறை காட்டப்பட ஆகும் செலவு சிபிஎம். பார்த்ததில் நூற்றுக்கு எத்தனை க்ளிக் என்பது சிடிஆர். உதாரணத்துக்கு, முதல் வாரம் சிபிஎம் 50 ரூபாய், சிடிஆர் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1,000 முறைக்கு 20 க்ளிக். ஒரு க்ளிக் 2.50 ரூபாய்.

நாலாவது வாரம் ஒரு க்ளிக் 5 ரூபாய் ஆகிவிட்டது. இது இரண்டு விதமாக நடந்திருக்கலாம்:

1. சிபிஎம் 100 ரூபாய், சிடிஆர் அதே 2 சதவீதம். விளம்பரம் நன்றாகவே இருக்கிறது. இடம்தான் விலை ஏறிவிட்டது. இது நேரம்.

2. சிபிஎம் அதே 50 ரூபாய், சிடிஆர் 1 சதவீதம். இடத்தின் விலை ஏறவில்லை, பார்ப்பவர்களுக்கு அலுத்துவிட்டது. இது சலிப்பு.

நடைமுறையில் இரண்டும் கலந்தும் வரும். க்ளிக் குறைந்தால் ஏலத்தில் நம் மதிப்பு குறைந்து சிபிஎம்மும் ஏறக்கூடும். அப்போது ஃப்ரீக்வென்ஸி எண்ணைப் பாருங்கள். ஒருவர் சராசரியாக எத்தனை முறை பார்த்தார் என்பதை அது சொல்லும். அது ஏற ஏற சிடிஆர் இறங்கினால் சலிப்பு என்று முடிவு செய்யலாம்.

சின்ன ஊரில் இந்தச் சலிப்பு சீக்கிரம் வரும். 10,000 பேரை மட்டும் தேர்வு செய்து தினம் 200 ரூபாய் செலவிட்டால், 50 ரூபாய் சிபிஎம்மில் ஒரு நாளைக்கு 4,000 முறை காட்டப்படும். 28 நாளில் ஒவ்வொருவரும் சராசரியாக 11 முறை பார்த்திருப்பார்! போடி, தேனியோடு நிற்காமல் சென்னை, கோவை என்று வட்டத்தை விரித்தால் இந்த எண் குறையும்.

எங்கே பார்ப்பது?

ஆட்ஸ் மேனேஜரில் காலம்ஸ் மெனுவைத் திறந்து ஃப்ரீக்வென்ஸி, சிபிஎம், சிடிஆர் மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பிரேக்டவுன் மெனுவில் 'டைம் ஆஃப் டே' கொடுத்தால் எந்த மணியில் பலன் அதிகம் என்றும் தெரியும். டெலிவரி பகுதியில் 'கிரியேட்டிவ் ஃபெட்டீக்' என்று வந்தால், உங்கள் பழைய விளம்பரங்களைவிட இரண்டு மடங்கோ அதற்கு மேலோ செலவாகிறது என்று மெட்டாவே எச்சரிக்கிறது என அர்த்தம்.

என்ன செய்வது?

நேரம்தான் காரணம் என்றால் படத்தை மாற்றாதீர்கள். நெரிசலான வாரங்களில் பட்ஜெட்டைக் குறையுங்கள். பொங்கலுக்குப் பாக்கெட் போய்ச் சேர வேண்டும் என்றால், கூரியர் நாட்களையும் கணக்கிட்டு முன்னதாகவே தொடங்குங்கள். லைஃப்டைம் பட்ஜெட் தேர்வு செய்தால், பலன் தரும் மணி நேரங்களில் மட்டும் விளம்பரம் ஓட வைக்கலாம்.

சலிப்பு என்றால் விஷயத்தையே மாற்றுங்கள். பின்னணி நிறத்தை மட்டும் மாற்றினால் போதாது. செடியின் அடியில் காய் பறிப்பது ஒரு படம், சல்லடையில் 8 எம்எம் காய் பிரிப்பது ஒரு வீடியோ, சர்க்கரைப் பொங்கலில் பொடி தூவுவது இன்னொன்று என மூன்று நான்கைத் தயாராக வைத்திருங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களைப் பட்டியலிட்டு அந்த விளம்பரத்திலிருந்து விலக்கி வையுங்கள்.

அதற்காக தினமும் மாற்றிக்கொண்டே இருக்கவும் கூடாது. பெரிய மாற்றம் செய்யும்போதெல்லாம் மெட்டாவின் 'லேர்னிங்' கட்டம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அது முடிய ஒரு வாரத்தில் சுமார் 50 பலன்கள் தேவை. 200 ரூபாய் பட்ஜெட்டில் அது லேசில் கிடைக்காது. எனவே மூன்று எண்களும் சொன்ன பிறகு மாற்றுங்கள். அதுவரை ஓட விடுங்கள்.