செய்திக்காக அலைந்தவருக்கு என்ன கூலி?

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, ஒரே நிகழ்வைப் பற்றிப் பல பத்திரிகைகள் எழுதுவதை ஒரே இடத்தில் படிக்க வழி தேடினார் கிருஷ்ண பரத். சென்னை ஐஐடியில் படித்தவர். அந்த யோசனைதான் 2002-இல் கூகுள் நியூஸ் ஆனது. அதற்கென்று நிருபர் கிடையாது. பல தளங்களின் செய்திகளை மென்பொருளே திரட்டி, தலைப்பும் ஓரிரு வரியும் காட்டும்.

இதனால் வாசகருக்கு நன்மை உண்டு. பெயர் தெரியாத சிறு பத்திரிகையும் கண்ணில் படுகிறது. ஆனால், மாவட்ட நிருபராக இருந்த எனக்கு அந்த இரண்டு வரிக்குப் பின்னால் உள்ள உழைப்பு தெரியும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம் முடியும்வரை நிற்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். விவரத்துக்காக ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டும். புகாருக்கு ஆளானவரிடமும் விளக்கம் கேட்டால்தான் அது செய்தி. வாசகர் தலைப்போடு நகர்ந்துவிட்டால், விளம்பர வருமானம் பத்திரிகைக்கு வராது.

நாடுகள் சட்டம் போட்டுப் பார்த்தன. செய்தியைத் திரட்டிக் காட்டினால் பத்திரிகைக்குக் கட்டணம் கட்டாயம் என்றது ஸ்பெயின்; 2014 டிசம்பரில் கூகுள் நியூஸ் அங்கே மூடப்பட்டது, 2022-இல்தான் திரும்பியது. 2021-இல் ஆஸ்திரேலியா கொண்டுவந்த சட்டத்தால் பத்திரிகைகளுக்குப் பணம் கிடைத்தது. கனடாவும் அப்படியொரு சட்டம் கொண்டுவர, 2023 ஆகஸ்டில் ஃபேஸ்புக் அங்கே செய்திகளைக் காட்டுவதையே நிறுத்தியது. காட்டுத்தீக்கு அஞ்சி யெல்லோநைஃப் நகரமே காலியானபோதும் தடையை விலக்கவில்லை.

சட்டம் பாதி வழிதான். மீதி நம் கையில் இருக்கிறது. செய்தியை எழுதிய பத்திரிகையிலேயே முழுதாகப் படியுங்கள். முடிந்தால் சந்தா கட்டுங்கள். நிருபரே இல்லாத ஊரில் திரட்டுவதற்கும் எதுவும் இருக்காது.