‘டெத் ரைட்ஸ் எ ஹார்ஸ்’: ‘கில் பில்’ ரசிகர்கள் தவறவிட்ட பழிவாங்கல் கதை!

‘கில் பில்’ முதல் பாகத்தின் வாள் சண்டையில், கோரஸ் குரல்களோடு ஒரு பழைய வெஸ்டர்ன் இசை வரும், ஞாபகம் இருக்கா? என்னியோ மோரிகோனே 1967-ல் ‘டெத் ரைட்ஸ் எ ஹார்ஸ்’ படத்துக்காகப் போட்டது அது. டாரன்டினோ எடுத்துக்கிட்டது இசையை. படத்தை நம்மில் பலர் பார்த்ததே இல்லை.

ஸ்பாகெட்டி வெஸ்டர்ன் என்றால், இத்தாலிக்காரர்கள் எடுத்த கௌபாய் படம். செர்ஜியோ லியோனி பெயரைத் தாண்டி பலரும் போவதில்லை. இதை இயக்கியவர் ஜூலியோ பெட்ரோனி.

மழை இரவு. ஒரு கொள்ளைக் கும்பல் குடும்பத்தையே கொல்கிறது. ஒளிந்திருந்து பார்க்கும் சிறுவன் பில்லுக்கு முகங்கள் தெரியவில்லை, அடையாளங்கள்தான் தெரிகின்றன. ஒருவன் நெஞ்சில் நான்கு ஏஸ் சீட்டுகள் பச்சை குத்தியிருக்கிறது. இன்னொருவனுக்குக் காதில் வளையம், ஒருவனுக்குத் தழும்பு, ஒருவன் கழுத்தில் மண்டையோட்டு டாலர். 15 வருஷம் கழித்து அவர்களைத் தேடிக் கிளம்புகிறான். ஒவ்வொருவனையும் அடையாளம் காணும்போது திரை சிவந்து, அந்த இரவு திரும்ப வருகிறது. இன்றைக்கும் வேலை செய்யும் உத்தி இது.

அதே கும்பலால் ஏமாற்றப்பட்டு 15 வருஷம் ஜெயிலில் இருந்த ரயனும் (லீ வான் கிளீஃப்) அவர்களைத்தான் தேடுகிறார். ஆனா, அவருக்கு ரத்தம் வேண்டாம். போன வருஷங்களுக்குப் பணம் வேண்டும். கொள்ளையர்களோ இப்போ பெரிய மனுஷங்க. ஒருவன் சலூன் முதலாளி, இன்னொருவன் பேங்க் நடத்துகிறான்! படத்தின் கூர்மையான கிண்டல் இதுதான்.

குறை இல்லையா? இருக்கு. பில்லாக வரும் ஜான் ஃபிலிப் லா, கோபம், சோகம் எல்லாத்துக்கும் ஒரே முகம்தான் வைத்திருக்கிறார். நடுவில் கதை கொஞ்சம் இழுக்கிறது. வான் கிளீஃப் ஃப்ரேமுக்குள் வந்தால் சரியாகிவிடுகிறது.

(ஸ்பாய்லர் வேண்டாதவர்கள் இதோடு நிறுத்திக்கலாம்.)

ஜெயிலிலிருந்து ரயனைத் தப்பவைப்பது பில். கழுத்துவரை மண்ணில் புதைக்கப்பட்ட பில்லைக் காப்பாற்றுவது ரயன். இப்படி ஒருவருக்கொருவர் உயிர்க்கடன் பட்ட பிறகு, ரயனிடமே அந்த மண்டையோட்டு டாலரைப் பார்க்கிறான் பில். அந்த இரவில் தாமதமாக வந்து சேர்ந்தவர் அவர். எரியும் வீட்டிலிருந்து சிறுவனை வெளியே இழுத்துப் போட்டவரும் அவரே. பட்டியலில் கடைசிப் பெயர் அவருடையது. சுடணுமா, வேண்டாமா? சண்டை முடியட்டும், அப்புறம் கணக்கு தீர்க்கலாம் என்கிறார் ரயன்.

எப்படித் தீர்கிறது என்பதைப் படத்திலேயே பாருங்க. சுமார் 2 மணி நேரம்தான். ஹெட்ஃபோன் கட்டாயம்.