கரண்டு போய் வந்ததும் பிரிண்டர் வேலைநிறுத்தம் செய்வது ஏன்?

வீட்டுக்கு ஒரு பிரிண்டர் போதும், எல்லோரும் அச்சடிக்கலாம்!
கோளாறைக் கண்டுபிடிக்க எளிய வழி

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை இருக்கிறது. மலைமேல் உள்ள வெள்ளிமலை என்ற ஊர்தான் அங்குள்ள மக்களுக்குத் தலைமை இடம். மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் இந்த மலையில் வாழ்கிறார்கள். பெயர்தான் மலையாளி, பேசுவது தமிழ். சாமையும் மரவள்ளியும் பயிர் செய்கிறார்கள். கடுக்காய் சேகரிக்கிறார்கள்.

1993-ம் ஆண்டு வரை இந்தப் பகுதி தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. பிறகு விழுப்புரம் மாவட்டத்துக்குப் போயிற்று. 2019-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. கலெக்டர் அலுவலகம் பக்கத்தில் வந்துவிட்டது.

சான்றிதழ் வாங்குவதும் எளிதாகிவிட்டது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் முதலியவற்றுக்கு இ-சேவை மையம் மூலம் மனுக் கொடுக்கலாம். அனுமதி கிடைத்ததும் சான்றிதழை இணையத்தில் இருந்து எடுத்துக்கொள்ளலாம். பழங்குடியினருக்குச் சாதிச் சான்றிதழ் கொடுப்பவர் கோட்டாட்சியர். அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் பழங்குடிப் பிள்ளைக்கு இட ஒதுக்கீடும் உதவித்தொகையும் கிடைக்கும்.

சான்றிதழ் செல்போனுக்கு வந்துவிட்டது. ஆனால் கல்லூரியில் காகிதத்தில் கேட்கிறார்கள். நாளை கடைசி நாள். வீட்டில் பிரிண்டர் இருக்கிறது. அது "தொடர்பு இல்லை" என்று சொல்கிறது. என்ன செய்வது? மலை இறங்கிக் கடைக்கு ஓட வேண்டியதுதானா?

வேண்டியது இல்லை. பெரும்பாலும் கோளாறு பிரிண்டரில் இருக்காது. பிரிண்டருக்குப் போகும் வழியில்தான் இருக்கும். அதை வீட்டில் இருந்தபடியே சரி செய்யலாம்.

பிரிண்டருக்காகப் பிறந்த வலை

ஒரு பிரிண்டரைப் பல பேர் பகிர்ந்துகொள்வது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இருந்தது. அங்கே கேரி ஸ்டார்க்வெதர் என்பவர் 1971-ம் ஆண்டில் லேசர் பிரிண்டரை உருவாக்கினார். எந்திரம் பெரிது, விலையும் அதிகம். ஆளுக்கு ஒன்று வாங்கிக் கொடுக்க முடியாது. அங்கு இருந்த கம்ப்யூட்டர்களை எல்லாம் ஒன்றோடு ஒன்று இணைக்க வேண்டும். எல்லோரும் அந்த ஒரு பிரிண்டரில் அச்சடிக்க வேண்டும்.

அந்த வேலை பாப் மெட்காப் என்ற இளைஞரிடம் வந்தது. 1973-ம் ஆண்டு மே 22-ந் தேதி அவர் ஒரு குறிப்பு எழுதினார். அதில் சொன்ன திட்டத்துக்கு "ஈதர்நெட்" என்று பெயர். இன்று உலகம் முழுவதும் அலுவலகங்களில் கம்ப்யூட்டர்களை இணைக்கும் கம்பி வலை அதுதான். பிரிண்டரைப் பகிர்ந்துகொள்ளப் பிறந்த வலை, உலகத்தையே இணைத்துவிட்டது!

இன்று வீட்டில் கம்பிகூட வேண்டாம். வைபை பெட்டி ஒன்று போதும்.

இணைப்பது எப்படி?

வைபை வசதி உள்ள பிரிண்டரானால் வேலை சுலபம். பிரிண்டர் கம்பெனியின் செயலியைச் செல்போனில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அது கேட்கும்போது, வீட்டு வைபையின் பெயரையும் ரகசியச் சொல்லையும் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல வைபை பெட்டிகள் இரண்டு அலைகளைத் தருகின்றன. ஒன்று 2.4 கிகா ஹெர்ட்ஸ். இன்னொன்று 5 கிகா ஹெர்ட்ஸ். வீட்டுப் பிரிண்டர்களில் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். ஆகவே இணைக்கும்போது அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். கனமான சுவர்களைத் தாண்டிப் போவதிலும் இதுவே மேல்.

வைபை இல்லாத பிரிண்டரும் பயன்படும். அதை ஒரு கம்ப்யூட்டரில் கம்பியால் இணைத்து, அந்தக் கம்ப்யூட்டர் வழியாக மற்றவர்கள் அச்சடிக்கலாம். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் எப்போதும் விழித்திருக்க வேண்டும். அது தூங்கினால் பிரிண்டரும் தூங்கிவிடும்.

சிக்னல் இல்லாவிட்டாலும் அச்சு வரும்

மலை ஊர்களில் செல்போன் சிக்னல் வரும், போகும். "இணையம் இல்லை, எனவே அச்சடிக்க முடியாது" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. வீட்டுக்குள் இருக்கும் செல்போன், வைபை பெட்டி, பிரிண்டர் ஆகிய மூன்றும் தங்களுக்குள் பேசிக்கொள்ள வெளி இணையம் தேவை இல்லை. பக்கத்து அறைக்குப் போக ஊர் ரோடு எதற்கு?

சிக்னல் இருக்கும்போதே சான்றிதழைச் செல்போனில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு சிக்னல் போனாலும் கவலை இல்லை. மின்சாரம் இருந்தால் போதும்.

விலாசம் மாறும் விந்தை

இனி, தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம்.

வைபை பெட்டிதான் வீட்டுக்குள் தபால்காரர். வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் அது ஒரு எண் கொடுக்கிறது. அதுதான் அந்தக் கருவியின் விலாசம். பிரிண்டருக்கு 5 என்ற எண் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் அதை நினைவில் வைத்துக்கொள்கிறது.

திடீர் என்று கரண்டு போகிறது. சிறிது நேரத்தில் திரும்பி வருகிறது. எல்லாக் கருவிகளும் ஒரே சமயத்தில் விழிக்கின்றன. பெட்டி மறுபடியும் எண் கொடுக்கிறது. இந்தத் தடவை 5-ம் எண் அண்ணனின் செல்போனுக்குப் போய்விடலாம். பிரிண்டருக்கு 8-ம் எண் கிடைக்கலாம். கம்ப்யூட்டரோ பழைய விலாசத்திலேயே கதவைத் தட்டுகிறது. பதில் இல்லை. உடனே, "பிரிண்டர் தொடர்பில் இல்லை" என்று சொல்லிவிடுகிறது.

இதற்கு நிரந்தர மருந்து உண்டு. பிரிண்டருக்கு என்று ஒரு எண்ணை ஒதுக்கிவிட வேண்டும். வைபை பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் அதன் விலாசம் இருக்கும். அந்த விலாசத்தைக் கம்ப்யூட்டரில் அடித்தால் பெட்டியின் பக்கம் திறக்கும். அதில் "அட்ரஸ் ரிசர்வேஷன்" என்ற பகுதி இருக்கும். பிரிண்டரைத் தேர்ந்தெடுத்து எண்ணை ஒதுக்கிவிடலாம். பிறகு கம்ப்யூட்டரில் பழைய பிரிண்டரை நீக்கி, ஒரு தடவை புதிதாகச் சேர்க்க வேண்டும். அதன் பிறகு கரண்டு பத்துத் தடவை போனாலும் எண் மாறாது.

ஒரே ஒரு பரீட்சை

கோளாறு எந்திரத்திலா, வழியிலா? இதைக் கண்டுபிடிக்க ஒரு பரீட்சை இருக்கிறது.

பிரிண்டரின் கண்ணாடி மேல் ஒரு காகிதத்தை வைத்து ஜெராக்ஸ் எடுத்துப் பார்க்க வேண்டும். ஜெராக்ஸ் எடுக்க வைபை தேவை இல்லை. நகல் நன்றாக வந்தால் எந்திரம் நலம், வழிதான் கெட்டிருக்கிறது. நகல் வராவிட்டால் எந்திரத்தில் கோளாறு. ஜெராக்ஸ் வசதி இல்லாத பிரிண்டரில், அதன் பொத்தானை அழுத்திச் சோதனைத் தாள் எடுக்கலாம்.

இந்தப் பரீட்சையைச் செய்யாமல் எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கினால் என்ன ஆகும்? கடையில் கம்பி போட்டுப் பார்ப்பார்கள். நன்றாக ஓடும்! வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் முரண்டு பிடிக்கும். பஸ் செலவுதான் மிச்சம்.

வழி கெட்டிருந்தால் கவனிக்க வேண்டியவை:

1. செல்போனும் பிரிண்டரும் ஒரே வைபையில் இருக்கின்றனவா? விருந்தினருக்கான தனி வைபையில் இருந்து அனுப்பினால் பிரிண்டருக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம்.

2. முதலில் வைபை பெட்டியை நிறுத்திப் போட வேண்டும். இரண்டு நிமிடம் கழித்துப் பிரிண்டரைப் போட வேண்டும். கடைசியாகக் கம்ப்யூட்டர்.

3. அனுப்பிய வேலைகள் வரிசையில் நிற்கும். ரேஷன் கடை வரிசையில் முதல் ஆள் நகராவிட்டால் பின்னால் இருப்பவர்கள் என்ன செய்ய முடியும்? அதேபோல் தம்பி அனுப்பிய ஒரு படம் சிக்கிக்கொண்டால் அக்காளின் சான்றிதழும் வராது. சிக்கிய வேலையை வரிசையில் இருந்து நீக்கிவிட வேண்டும். "வரவில்லையே" என்று மேலும் மேலும் அனுப்பினால் வரிசை நீளுமே தவிர வேலை நடக்காது.

4. நம் நாட்டில் பயன்படுவது "ஏ4" தாள். அகலம் 210 மில்லிமீட்டர், நீளம் 297. சில வேளைகளில் கம்ப்யூட்டர் அமெரிக்க "லெட்டர்" தாளைக் கேட்கும். அப்போது தாள் இருந்தும் "தாள் இல்லை" என்று எந்திரம் நின்றுவிடும். ஏ4 என்று மாற்றினால் போதும்.

5. தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வருகிறதா? அந்தக் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லை என்று பொருள். எழுத்து சரியாகத் தெரியும் கம்ப்யூட்டரிலேயே அதைப் பி.டி.எப். ஆக மாற்றிக்கொண்டு அச்சடிக்க வேண்டும்.

பனியும் மையும்

மலையில் பனியும் சாரலும் அதிகம். காகிதம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரக் காகிதம் சுருளும், எந்திரத்தில் சிக்கும். பயன்படுத்தியது போக மீதித் தாளைப் பிளாஸ்டிக் உறையில் மூடி வைக்க வேண்டும்.

மை தெளிக்கும் பிரிண்டரானால், வாரம் ஒரு முறை ஒரு வண்ணப் பக்கம் அச்சடிப்பது நல்லது. இல்லாவிட்டால் மை காய்ந்து துளைகள் அடைத்துக்கொள்ளும். சுவரில் உள்ள சுவிட்சை அணைத்து நிறுத்தக்கூடாது. பிரிண்டரில் உள்ள பொத்தானை அழுத்தித்தான் நிறுத்த வேண்டும். அப்போதுதான் மைத் தலை தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். அச்சடிக்கும்போது கரண்டு போய்விட்டால், வந்ததும் ஒரு தடவை போட்டு, பொத்தானால் நிறுத்த வேண்டும்.

இது சிறிய விஷயம் அல்ல. சான்றிதழில் சதுரமாக ஒரு கியூஆர் குறியீடு இருக்கிறது. அதைப் படம் பிடித்துத்தான் சான்றிதழ் உண்மையா என்று பார்க்கிறார்கள். அதில் கோடு கோடாக மை விட்டுப்போனால் குறியீட்டைப் படிக்க முடியாமல் போகலாம்.

முன்னதாகவே பாருங்கள்

கடைசி நாள் வரை காத்திருக்கக்கூடாது. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே ஒரு சோதனைத் தாள் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். பிரிண்டரின் எண்ணை ஒரு சீட்டில் எழுதி அதன்மேலேயே ஒட்டி வைக்க வேண்டும். வீட்டில் ஒருவருக்கு மட்டும் அல்ல, அம்மாவுக்கும் பாட்டிக்கும்கூட ஜெராக்ஸ் பரீட்சையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

வழி தெரிந்தவர்களுக்கு எந்திரம் அடங்கி நடக்கும். பிள்ளையின் சான்றிதழும் நேரத்துக்குக் கைக்கு வரும்.