ஹெட்போன் கலவை

ஹெட்போன் கலவை என்பது, ஒலிப்பதிவின்போது பாடகரோ இசைக்கலைஞரோ கேட்டுக்கொண்டே பாடவும் வாசிக்கவும் ஏதுவாக அவருடைய காதுக்கு மட்டும் தனியாகக் கலந்து அனுப்பப்படும் ஒலி ஆகும். ஒலிப்பதிவுக் கூடங்களில் இது மானிட்டர் மிக்ஸ் என்றும் கியூ மிக்ஸ் என்றும் வழங்கும். வெளியீட்டுக்காக ஆக்கப்படும் இறுதிக் கலவை வேறு, இது வேறு. இறுதிக் கலவையை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி அமைக்கலாம். ஆனால் கலைஞர் காதில் என்ன விழுந்ததோ அதற்கேற்பவே அவருடைய சுருதியும் தாளமும் அமைந்துவிடுகின்றன. அது அப்படியே பதிவாகிவிடுகின்றது.

வரலாறு

அனைவரும் ஓரிடத்தில் அமர்ந்து ஒரே நேரத்தில் பாடிய பதிவுகளுக்கு இது தேவைப்படவில்லை. கொங்கு நாட்டில், காங்கேயம் வட்டாரத்தில், கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965 இல் அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அத்தகைய பதிவில் பாடுவோர் ஒருவர் குரலை மற்றவர் நேரில் கேட்டே பாடுவர். இடையில் எந்தக் கருவியும் இல்லை.

தடம் தடமாகப் பதியும் முறை வந்தபோது நிலைமை மாறியது. முன்னரே பதிந்த தடத்தைக் கேட்டுக்கொண்டு புதிய தடத்தில் வாசிக்க வேண்டும். ஒலிநாடாக் கருவியில் பதியும் தலையும் படிக்கும் தலையும் சற்றுத் தள்ளி இருந்தமையால், கேட்டு வாசித்தது காலத்தால் பிந்திப் பதிவாகும். பதியும் தலையையே படிக்கவும் பயன்படுத்தி ஆம்பெக்ஸ் நிறுவனம் இச்சிக்கலைத் தீர்த்தது. இவ்வசதி கொண்ட எட்டுத் தடக் கருவி 1957 இல் அமெரிக்க கிதார் கலைஞர் லெஸ் பாலுக்கு வழங்கப்பட்டது. தமிழ்நாட்டில், ஏ. ஆர். ரகுமான் 1989 இல் சென்னையில் தொடங்கிய பஞ்சதன் ரெக்கார்டு இன் போன்ற கூடங்களில் ஒவ்வொருவரையும் தனித்தனியே பதிந்து அடுக்கும் முறை வேரூன்றியது. இம்முறையில், கலைஞர் உடன் வாசிப்போரை அறிவது ஹெட்போன் வழியாக மட்டுமே.

தனித்தனிக் கலவை ஏன்?

சென்னிமலை போன்ற ஓர் ஊரில், திருவிழா மேடைகளில் பாடும் இன்னிசைக் குழு ஒன்று தன் பாடல்களை வீட்டுக் கூடத்தில் பதிவு செய்வதாகக் கொள்வோம். பாடகர், கீபோர்டு, பேஸ் கிதார், தபேலா, ரிதம் பேட் என ஐவர். தபேலாக் கலைஞருக்குத் தாள அளவைக் காட்டும் கிளிக் ஒலி உரக்கக் கேட்க வேண்டும். பாடகருக்கோ அது இடையூறு. அவருக்குச் சுருதியைக் காட்டும் கீபோர்டும் தம் குரலும் வேண்டும். பேஸ் வாசிப்பவர் தாளக் கருவியைப் பற்றிக்கொண்டு செல்பவர். எல்லோருக்கும் ஒரே கலவையை அனுப்பினால் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதைக் கேட்க மொத்த ஒலியையும் கூட்டிக்கொண்டே போவர்.

பாடகரின் கலவையே மிக நுட்பமானது. தம் குரல் அளவுக்கு மேல் உரக்கக் கேட்டால் அவர் தயங்கி மென்மையாகப் பாடுவார். குறைவாகக் கேட்டால் கத்துவார். சூழொலிக்கு ஏற்பக் குரலை உயர்த்தும் இவ்வியல்பு, 1911 இல் அதனை விளக்கிய பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார்டின் பெயரால் அழைக்கப்படுகின்றது.

அமைக்கும் முறை

மிக்சரின் ஒவ்வொரு தடத்திலும் உள்ள ஆக்ஸ் எனப்படும் கிளை வெளியீடுகளே கலவைகளை உருவாக்குகின்றன. ஓர் ஆக்ஸ் ஒரு கலவை. இவை பிரீ-ஃபேடர் நிலையில் இருத்தல் வேண்டும். அதாவது, ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடருக்கு முன்னரே ஒலி பிரிந்து செல்ல வேண்டும். இல்லாவிடில், பதிவாளர் தாம் கேட்பதற்காகக் குரலைக் குறைத்தால் பாடகரின் காதிலும் குரல் குறைந்துவிடும்.

கணினியில் பதிவோர் ஒலி இடைமுகத்தின் வெளியீடுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். எட்டு வெளியீடுகளில் இரண்டு பதிவாளரின் ஒலிபெருக்கிகளுக்குப் போனால் மீதம் ஆறு. அவற்றிலிருந்து மூன்று ஸ்டீரியோ கலவைகளோ ஆறு மோனோ கலவைகளோ பெறலாம். நமது ஐவருக்கு மோனோவே போதுமானது. ஸ்டீரியோவின் அழகைவிடத் தனிக் கலவை பயன் மிக்கது. இவ்வெளியீடுகள் ஹெட்போன் பெருக்கியின் வழியே செல்ல வேண்டும். நான்கு பேர் செருகக்கூடிய மலிவான பெருக்கிகள் பலவற்றில் உள்ளீடு ஒன்றே. அவை நால்வருக்கும் தனித்தனி ஒலியளவைத் தருமேயன்றித் தனித்தனிக் கலவையைத் தரா. வாங்கும் முன் பலரும் கவனிக்கத் தவறும் வேறுபாடு இது.

தாமதம்

கணினி ஒலியைச் சிறு கட்டுகளாகவே கையாளுகின்றது. நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும்போது 256 மாதிரிகள் கொண்ட ஒரு கட்டுக்கு 5.3 மில்லிநொடி ஆகும். உள்ளே வரவும் வெளியே போகவுமாக ஏறத்தாழ 10.7 மில்லிநொடி. காற்றில் ஒலி ஒரு மில்லிநொடியில் சுமார் 34 செ.மீ. செல்வதால், இது ஏறத்தாழ மூன்றரை மீட்டர் தள்ளி நிற்பவரைக் கேட்பதற்கு ஒப்பாகும். தபேலாவைக் கேட்கும் கீபோர்டு கலைஞருக்கு இது பெரிதாகத் தோன்றாது. பாடகரின் நிலை வேறு. அவருடைய குரல் எலும்பின் வழியாகத் தாமதமின்றி உட்செவியை அடைகின்றது; அதனுடன் பிந்தி வரும் குரல் சேரும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, குழாய்க்குள் பாடுவது போன்ற உணர்வு உண்டாகும்.

மாதிரிகளை 64 ஆகக் குறைப்பது ஒரு தீர்வு. ஆனால் கணினியின் சுமை கூடும். உள்வரும் குரலைக் கணினிக்குள் சுற்றவிடாமல், இடைமுகத்திலிருந்தே நேராக ஹெட்போனுக்குத் திருப்புவது மேலான தீர்வு. அப்போது மென்பொருளில் அதே குரல் ஒலிப்பதை நிறுத்த மறத்தல் ஆகாது, மறந்தால் இரண்டு குரல் கேட்கும். பாடகர் எதிரொலி கேட்டால் அதை மட்டும் கணினியிலிருந்து தரலாம். எதிரொலி இயல்பாகவே பிந்தி வருவது, பத்து மில்லிநொடி அதைக் கெடுக்காது.

ஒலிக்கசிவும் செவிநலமும்

காதை முழுதும் மூடும் மூடிய வகை ஹெட்போனே பதிவுக்கு ஏற்றது. திறந்த வகையில் கிளிக் ஒலி கசிந்து ஒலிவாங்கியில் விழும். பாடல் அடங்கும் இடங்களில் அது தெளிவாகக் கேட்கும். ஒரு காதைத் திறந்து வைத்துப் பாடும் வழக்கமுள்ளோருக்கு அப்பக்கத்து ஒலியை முற்றிலும் நிறுத்திவிட வேண்டும். சென்னிமலையில் நெய்யப்படும் தடித்த போர்வைகளைச் சுவரில் தொங்கவிட்டால் கூடத்தின் உயர் அதிர்வெண் எதிரொலி குறையும். தெருவில் ஓடும் தறியின் ஓசையை அவை தடுக்கமாட்டா. துணி ஒலியை உறிஞ்சும், மறிக்காது.

அமெரிக்காவின் பணியிட நலவாழ்வு நிறுவனமான நியோஷ், நாளொன்றுக்கு 85 டெசிபல் ஒலியில் 8 மணி நேரம் என்பதை வரம்பாகப் பரிந்துரைக்கின்றது. ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடமே. பறை, ட்ரம்ஸ் ஆகியவற்றின் அருகில் அமர்வோர் அவ்வோசையை வெல்ல ஹெட்போனைக் கூட்டுவதே பெருந்தீங்கு. எனவே கலைஞர் ஒன்று கூடுதலாகக் கேட்கும்போது, அதனை உயர்த்துவதற்கு முன் மற்றவற்றைக் குறைத்துப் பார்ப்பது தேர்ந்த பதிவாளர்களின் வழக்கம். புதிய இணைப்பைச் செருகும்போது எல்லோரும் ஹெட்போனைக் கழற்றி, பெருக்கியைச் சுழியத்தில் வைத்துப் பின்னர் மெல்ல ஏற்ற வேண்டும்.