சாரல் காலத்தில் வீட்டுத் தோட்டமும் கோழிக்கூடும்

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில், மாத்திரைகளின் வேளையும் அளவும் விளக்கப்பட்ட பிறகு, நோயாளிகள் பலர் தயக்கத்துடன் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வீட்டில் நான்கைந்து கோழிகள் நிற்கின்றன. கொல்லையில் கொஞ்சம் காய்கறி போட்டிருக்கிறோம். நான் அந்தப் பக்கம் போகலாமா?" மருத்துவர் வாய் திறக்கும் முன்பே உடனிருக்கும் மகனோ மருமகளோ விடை சொல்லிவிடுவதையும் காண்கிறோம். "அதெல்லாம் இனி வேண்டாம். கோழிகளை விற்றுவிடலாம்." அன்பினால் சொல்லப்படும் விடைதான். ஆனால் முப்பது ஆண்டுகளாகக் காலையில் எழுந்ததும் கூட்டைத் திறந்துவிட்டு வந்த ஒருவருக்கு அது மற்றுமோர் இழப்பு. நோய் ஏற்கெனவே பலவற்றை எடுத்துக்கொண்டிருக்கும் நிலையில், இதையும் எடுத்துவிடத்தான் வேண்டுமா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. பெரும்பாலான நோயாளிகளுக்குத் தோட்டத்தையும் கோழிகளையும் அடியோடு கைவிட வேண்டிய தேவை இல்லை. எந்த வேலையை யார் செய்வது, எந்த மாதத்தில் செய்வது என்பதை மாற்றி அமைத்தாலே போதும்.

மாதத்தைக் குறிப்பிடக் காரணம் மழை. தமிழகத்தின் பெரும்பகுதியில் கோடை என்றால் வறட்சி. கன்னியாகுமரி, தென்காசி, பொள்ளாச்சி, கூடலூர் எனமேற்கு மலையை ஒட்டி வாழ்வோருக்கு அப்படி அல்ல. சித்திரை, வைகாசியில் இடியுடன் கோடைமழை கொட்டும். ஜூன் தொடங்கியதும் தென்மேற்குப் பருவக்காற்று வந்து, ஆனி ஆடி முழுதும் சாரல் நிற்காது. செடிகளுக்கு அது கொண்டாட்டம். ஆனால் வெயில் செய்து வந்த ஒரு வேலை அப்போது நின்றுபோகிறது. பங்குனி வெயிலில் கோழி எச்சம் ஓரிரு நாளில் காய்ந்து உதிரும்; கிருமிகள் பலவும் அந்த உலர்ச்சியிலும் வெப்பத்திலும் மடிந்துவிடும். அதே எச்சம் ஆனிச் சேற்றில் வாரக்கணக்கில் ஈரமாகக் கிடக்கும். எலிகள் வளையில் நீர் புகுந்து கூட்டின் அடிக்கு வரும். புல் முழங்கால் உயரம் வளரும். கோடையில் தீங்கின்றி நடமாடிய அதே கொல்லை, மழையில் வேறோர் இடமாகிவிடுகிறது.

எல்லா நோயாளிகளுக்கும் இது ஒரே அளவு பொருந்தாது. மிகுந்த எச்சரிக்கை தேவைப்படுவோர் புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுவோர், உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோர், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்துக்கொள்வோர் ஆகியோர். கீமோதெரபியில் ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு ஏறத்தாழ 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளணுக்கள் மிகக் குறைந்த அளவுக்கு இறங்கும். அந்நாட்களில் கோழிக்கூட்டுக்கும் எருக்குழிக்கும் அருகில் செல்லாதிருப்பதே நலம். நுரையீரல் நோய் உள்ளவர்களுக்குக் கூட்டின் தூசியும் பூஞ்சை பிடித்த வைக்கோலும் மட்கிய குப்பையைக் கிளறும்போது எழும் நுண்துகளும் தீங்கு செய்யும். நீரிழிவு நோயாளிக்குக் கவலை பாதத்தைப் பற்றியது. உணர்ச்சி குன்றிய பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது. சேற்றில் ஊறிய தோல் எளிதில் பிளக்கும். எந்த நோயாளி எந்தப் பிரிவில் அடங்குவார் என்பதைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். கேட்கும்போது "தோட்ட வேலை" என்று பொதுவாகச் சொல்லாமல் கோழி, எரு, சேறு என்று பிரித்துச் சொன்னால் விடையும் தெளிவாகக் கிடைக்கும்.

முதலில் கோழிகள். நோயின் அறிகுறி சிறிதும் இன்றி நன்றாக மேயும் கோழியின் குடலிலும் சால்மோனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும். எச்சத்தின் வழியே அது இறகிலும் காலிலும் முட்டை ஓட்டிலும் படிகிறது. வலுவான உடலுக்கு இரண்டு மூன்று நாள் வயிற்றுப்போக்கோடு போய்விடுவது, எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கு இரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஆகவே கூட்டைச் சுத்தம் செய்வதும் கோழியைப் பிடித்துத் தூக்குவதும் உடல்நலம் உள்ள ஒருவரின் வேலை. அவரும் கூட்டுக்கென்று தனிச் செருப்பு வைத்துக்கொண்டு அதை வாசலுக்கு வெளியிலேயே விட்டுவிட வேண்டும். வேலை முடிந்ததும் சோப்பு போட்டு 20 நொடியாவது கை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் கோழிக்குஞ்சைக் கையில் ஏந்திக் கொஞ்சுவது கண்ணுக்கு அழகுதான். ஆனால் அந்தக் கைதான் அடுத்த நிமிடம் தாத்தாவின் உணவுத் தட்டுக்குப் போகும்.

மழைக்காலக் கூட்டுக்கு வேண்டிய முதல் குணம் உலர்ந்திருத்தல். தரையை அரை அடியாவது உயர்த்தி, சாரல் அடிக்கும் மேற்குப் பக்கம் சாக்குப்படுதாவோ தார்ப்பாயோ தொங்கவிட்டு, எதிர்ப்பக்கம் காற்றுப் போக விட்டுவிடுங்கள். முழுவதும் மூடிவிட்டால் அம்மோனியா நெடி தேங்கிக் கோழிக்கும் கேடு, உள்ளே நுழைபவருக்கும் கேடு. தரையில் நான்கு விரற்கடை உயரத்துக்கு உமியோ தென்னை நார்க்கழிவோ பரப்பி நாள்தோறும் கிளறிவிட வேண்டும். ஒரு பிடி கூளத்தை எடுத்து இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் அது உதிர வேண்டும். கட்டியாக நின்றால் ஈரம் மிகுதி என்று பொருள். அப்போது ஈரக் கூளத்தை அகற்றிவிட்டுப் புதிதாகப் பரப்பி, நீற்றிய சுண்ணாம்புத் தூளைச் சிறிது கலந்துவிடலாம். குஞ்சுகளைக் கொல்லும் இரத்தக் கழிச்சல் நோயின் ஒட்டுண்ணி முட்டைகள் ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள கூளத்தில்தான் முதிர்ந்து தொற்றும் நிலையை அடைகின்றன. கூளம் உலர்ந்திருந்தால் அந்நோய் பாதி அடங்கும்.

வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய்க்கு மழை தொடங்கும் முன்பே தடுப்பூசி போட்டுவிடுவது நல்லது. கால்நடை மருந்தகங்களில் கேட்டால் நாள் சொல்வார்கள். கோழியைப் பிடித்துக் கொடுக்கும் வேலை நோயாளிக்கு வேண்டாம். அத்தடுப்பு மருந்தில் இருப்பது வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். கண்ணில் தெறித்தால் மனிதருக்கும் கண் சிவந்து நீர் வடியும். இரண்டு மூன்று கோழிகள் ஒரே நாளில் காரணம் தெரியாமல் இறந்தால், அவற்றை அறுத்துச் சமைக்காமல், வெறுங்கையால் தொடாமல், கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.

முட்டையைப் பற்றி ஒரு கணக்கு. நாட்டுக்கோழி ஆண்டுக்கு ஏறத்தாழ 60 முதல் 80 முட்டைதான் இடும். நான்கு கோழிகள் இருந்தால் நாளொன்றுக்கு ஒரு முட்டை கூடத் தேறாது. ஆகவே நோயாளியின் ஊட்டத்துக்காகக் கோழி வளர்க்கிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். கடை முட்டையிலும் அதே புரதம் உண்டு. வளர்ப்பவரின் மனநிறைவுக்கு வேறு காரணம் இருக்கிறது, அதற்கு மதிப்பும் இருக்கிறது. சத்து என்ற பெயரில் அதை நியாயப்படுத்தத் தேவையில்லை. நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்து நல்லெண்ணெயுடன் குடிக்கக் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்து வந்தவருக்கும் பிள்ளை பெற்றவருக்கும் இதைப் பரிவோடு கொடுக்கிறார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். வேகவைத்த முட்டையின் புரதத்தையே உடல் நன்றாக ஏற்றுக்கொள்கிறது. பச்சை முட்டையில் வலிமை கூடுதல் என்பது உண்மையன்று. அரைவேக்காடும் வேண்டாம். வெள்ளையும் மஞ்சளும் இறுகும் வரை, 10 முதல் 12 நிமிடம் வேகட்டும். சேறு படிந்த முட்டையைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்துக் கழுவக் கூடாது. ஓட்டில் உள்ள நுண்துளைகள் வழியே அழுக்கு நீர் உள்ளே இழுக்கப்படும். உலர்ந்த துணியால் துடைத்து எடுங்கள். மிகவும் அழுக்கானதையும் விரிசல் விட்டதையும் ஒதுக்கிவிடுங்கள்.

இனித் தோட்டம். மழைக்காலத்தில் நோயாளியின் வீட்டுக்கு ஏற்ற தோட்டம் பந்தல் தோட்டமே என்று துணிந்து சொல்லலாம். புடலை, பாகல், பீர்க்கு, கோவை, கொடிப் பயறு ஆகியவை மண்ணுக்கு மேலே, கைக்கு எட்டும் உயரத்தில் காய்க்கின்றன. மழைத்துளி தெறிக்கும் சேறு காயைத் தொடாது. பறிப்பவரும் குனிய வேண்டியதில்லை. வயிற்றில் தையல் போட்டவரும் முதுகு வலியுள்ளவரும் நின்றபடியே ஒரு வேளைக் குழம்புக்குப் பறித்துவிடலாம். தண்டங்கீரை, சிறுகீரை போன்ற தரைக்கீரைகளில் ஒவ்வொரு மழையும் சேற்றை அள்ளி இலையின் அடியில் அப்பிவிடும். மழை ஓயும் வரை அவற்றை விட்டு முருங்கை, தவசிக்கீரை, அகத்தி என்று உயர்ந்து நிற்பவற்றைப் பறிக்கலாம். எதைப் பறித்தாலும் ஓடும் நீரில் பலமுறை அலசி, வேகவைத்தே உண்ண வேண்டும்.

கத்தரி, மிளகாய், தக்காளி நாற்று விடுவோர் மழையில் முதலில் சந்திப்பது நாற்றழுகல். நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று அடித்தண்டு அழுகிச் சாய்ந்து கிடக்கும். மேட்டுப்பாத்தியும் நெருக்கமில்லாத விதைப்பும் நீர் தேங்காத மண்ணும் பாதி மருந்து. விதைக்கும் முன் ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்ற கணக்கில் டிரைக்கோடெர்மா விரிடி கலப்பது வழக்கம். வீட்டுக்குத் தேவையான விதைக்கு ஒரு சிட்டிகை போதும். அதுவும் ஒரு பூஞ்சைத் தூள்தான் என்பதால், எதிர்ப்பாற்றல் குறைந்தவர் அதைக் கையாளாமல் வீட்டில் வேறொருவர் செய்யட்டும். மாடியில் பைகளில் வளர்ப்போர் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். மழையில் ஊறிய பெரிய பை 15 கிலோவைத் தாண்டிவிடும். இதய அறுவையில் மார்பெலும்பு திறக்கப்பட்டவர், அது பொருந்தும் வரை, அதாவது இரண்டு மூன்று மாதம், அத்தகைய எடையை நகர்த்தவோ இழுக்கவோ கூடாது.

கோழி எச்சம் நல்ல உரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பச்சையாகப் போட்டால் செடியும் கருகும், கிருமியும் மண்ணில் தங்கும். மண்ணைத் தொடும் காய்கறிகளுக்குப் பச்சை எரு இட்டால் அறுவடைக்கு 120 நாட்களுக்கு முன்பே இட்டிருக்க வேண்டும் என்று அமெரிக்க இயற்கை வேளாண் விதிகள் கூறுகின்றன. நம் வீட்டுக்கும் அது நல்ல அளவுகோல். இலைதழையோடு சேர்த்து, மழைபடாமல் மூடி, பல மாதம் மட்கவைத்த பிறகே இடுங்கள்.

தோட்டத்தில் விளைந்தது என்பதற்காக எல்லாம் எல்லோருக்கும் ஏற்றதாகிவிடாது. டயாலிசிஸ் செய்துகொள்வோருக்குக் கீரைகளிலும் முருங்கையிலும் உள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். அளவைச் சிறுநீரக மருத்துவரும் உணவு ஆலோசகரும் சொல்ல வேண்டும். நறுக்கிய காயை நிறைய நீரில் வேகவைத்து அந்நீரை வடித்துவிட்டால் பொட்டாசியம் ஓரளவு குறையும். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரினோ அசினோகூமராலோ உட்கொள்வோருக்குக் கீரையில் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையை மட்டுப்படுத்தும். மழையில் கீரை தழைத்துவிட்டது என்று ஒரு வாரம் நாள்தோறும் உண்டு, மறுவாரம் நிறுத்திவிடுவதுதான் கேடு. வாரந்தோறும் ஒரே அளவாக உண்பவருக்கு அதற்கேற்ப மருந்தின் அளவை மருத்துவர் அமைத்துவிடுவார்.

நீர் தேங்கும் இடங்களைப் பற்றிப் பலமுறை சொல்லியாகிவிட்டது. ஆயினும் பூந்தொட்டித் தட்டு, கோழிக்கு நீர் வைக்கும் சட்டி, தேங்காய்ச் சிரட்டை மூன்றையும் வாரம் ஒருமுறையாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். கோழித் தீவனத்தை மூடியுள்ள தகர டப்பாவில் வைத்து, மாலையில் மிச்சத்தைக் கூட்டி எடுத்துவிட்டால் எலி குறையும். எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து எலிக்காய்ச்சல் காலில் உள்ள சிறு கீறல் வழியாகவும் உடலுக்குள் நுழைகிறது. சேற்றில் இறங்குபவர் யாராயினும் முழங்கால் வரை ரப்பர் காலணி அணியட்டும். நீரிழிவு நோயாளி அதை அணிந்தாலும் சேற்றில் இறங்க வேண்டாம்.

இவ்வளவையும் விலக்கினால் நோயாளிக்கு என்னதான் மிஞ்சும் என்று கேட்கலாம். நிறைய மிஞ்சும். திண்ணையில் அமர்ந்து விதை பொறுக்குவது, கொடியின் நுனியைப் பந்தலில் ஏற்றிவிடுவது, எந்தப் பிஞ்சை விதைக்கு விடுவது என்று முடிவு செய்வது, வேலிக்கு வெளியே நின்று கரண்டியால் தீவனம் இறைப்பது, மாலையில் கோழிகள் அடையும்போது எண்ணிப் பார்ப்பது. வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியாத அறிவு அவரிடம் இருக்கும். எந்தக் கோழி அடைக்கு ஏற்றது, எந்தப் பாத்தியில் நீர் நிற்கும் என்று அவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

உடனிருந்து கவனிப்பவரின் நிலையையும் பார்க்க வேண்டும். சமையல், மருந்து, மருத்துவமனைப் பயணம் எல்லாம் ஒரே பெண்ணின் தோளில் இருக்கும் வீடுகள் பல. அங்கே கூட்டைச் சுத்தம் செய்வதும் அவர் தலையில் விழுந்தால் அது நியாயமன்று. பன்னிரண்டு கோழிகளை நான்காகக் குறைக்கலாம், ஆறு பாத்தியை ஒரு பந்தலாகச் சுருக்கலாம். மழைக்காலம் முடியும் வரை அண்டை வீட்டாரிடம் கோழிகளை ஒப்படைத்து, தை பிறந்ததும் திரும்பப் பெறலாம்.

காய்ச்சல் கண்டால் காத்திருக்க வேண்டாம். கீமோதெரபி பெறுபவருக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் அது அவசரநிலை, நள்ளிரவாயினும் வந்துவிடுங்கள். மற்றவர்களும் மழைக்காலத்தில் இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சலை வீட்டில் வைத்திருக்காதீர்கள். எலிக்காய்ச்சலும், புதர்ச் சிற்றுண்ணிகளால் பரவும் ஸ்க்ரப் டைபஸும் சேற்றிலோ புதரிலோ நின்று மூன்று வாரம் கழித்தும் வெளிப்படலாம். இரண்டுக்கும் நல்ல மருந்துகள் உண்டு, தொடக்கத்திலேயே கொடுத்தால். ஸ்க்ரப் டைபஸில் அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு ஒன்று இருக்கலாம். வலிக்காது என்பதால் நோயாளியே கவனித்திருக்கமாட்டார். வரும் முன் உடல் முழுதும் பார்த்துவிட்டு வாருங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும், வீட்டில் கோழி இருப்பதையும் கடந்த ஒரு மாதத்தில் சேற்றில் இறங்கியதையும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.